குடித்துவிட்டு வாகனம் ஓட்டினால் என்ன நடக்கும்?
கெலிஓயாவுக்கும் அயல் கிராமங்களுக்கும் திரும்பிவந்த குடும்பங்களுக்கான சட்ட விளக்கம்

தமிழ்நாட்டு முகாம்களில் பல வருடங்கள் இருந்துவிட்டு கெலிஓயா, வெலிகல்ல, தவுலகல, பேராதனைப் பக்கங்களுக்குத் திரும்பியுள்ள நீங்கள், ஏதாவதொரு வாகனத்தைக் கொண்டு தொழில் தொடங்க நினைக்கலாம். முச்சக்கர வண்டி ஒன்றை லீசிங்கில் எடுப்பது, மரக்கறி லொறிக்குச் சாரதியாகப் போவது, மோட்டார் சைக்கிளில் பொருட்கள் கொண்டுபோய்க் கொடுப்பது ஆகியவை கையில் பெரிய முதல் இல்லாமல் தொடங்கக்கூடிய தொழில்கள். அவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம். தமிழ்நாட்டில் லைசென்ஸ் என்று சொல்லிப் பழகியதை இங்கே அலுவலகங்களில் இப்படித்தான் எழுதுவார்கள்.

அந்தப் பத்திரத்தை ஒரே இரவில் இழக்கச் செய்யும் குற்றம், மதுபோதையில் வாகனம் செலுத்துவது. இது பற்றித் திரும்பிவந்தோரிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உள்ளன. ஒன்று, தண்டப்பணத்தைக் கட்டிவிட்டால் விடயம் முடிந்துவிடும் என்பது. மற்றது, இந்தியாவில் இருந்த அதே சட்டம்தான் இங்கும் இருக்கும் என்பது. இரண்டும் சரியல்ல.

சட்டம் சொல்வது

இலங்கையில் வீதிப் போக்குவரத்தை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அது பல தடவைகள் திருத்தப்பட்டுள்ளது. அதன் 151ஆம் பிரிவு, மதுசாரம் அல்லது போதைப்பொருள் உட்கொண்ட பின் பெருந்தெருவில் மோட்டார் வாகனம் செலுத்தக்கூடாது என்கிறது. பெருந்தெரு என்றதும் பேராதனை–கம்பளை வீதியை மட்டும் நினைக்க வேண்டாம். பொதுமக்கள் போய்வரும் சின்ன வீதியும் அதில் அடங்கும். மோட்டார் வாகனம் என்பதில் முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டி, உழவு இயந்திரம் எல்லாம் சேரும். “சந்திவரைக்கும்தானே போனேன்” என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

ஒருவர் மதுசாரம் உட்கொண்டவர் என்று கருதப்படுவதற்கு ஓர் அளவு வைக்கப்பட்டுள்ளது. 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதே அந்த அளவு. இந்தியாவில் இது 30 மில்லிகிராம். அங்கே 2019இல் சட்டம் திருத்தப்பட்ட பின், முதல் தடவை பிடிபட்டால் 10,000 இந்திய ரூபா அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இங்கே 80 என்று கேட்டவுடன் “அப்படியென்றால் இங்கே கொஞ்சம் தாராளம்” என்று தோன்றலாம். அந்த எண்ணமே ஆபத்தானது. ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

80 மில்லிகிராம் எவ்வளவு சாராயம்?

உங்களிடம் இரத்தத்தை அளக்கும் கருவி இல்லை. போத்தலைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவீர்கள். ஆகவே போத்தல் கணக்கிலேயே சொல்கிறோம்.

தென்னஞ் சாராயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். காற்போத்தல் சாராயத்தில் சுமார் 50 கிராம் மதுசாரம் இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒரு ஆண் அதைக் குறுகிய நேரத்தில் குடித்தால் அவரது இரத்தத்தில் மதுசாரம் 100 மில்லிகிராமைத் தாண்டிவிடும். அதாவது ஒரு காற்போத்தலே சட்ட எல்லைக்கு அப்பால் கொண்டுபோகப் போதும்.

“நான் சாராயம் தொடமாட்டேன், பியர் மட்டும்தான்” என்பவர்களும் கணக்கைப் பார்க்க வேண்டும். 625 மில்லிலீட்டர் பெரிய போத்தலில் வரும் 8.8 வீத ஸ்ட்ராங் பியரில் 43 கிராம் அளவில் மதுசாரம் இருக்கிறது. காற்போத்தல் சாராயத்துக்கு அது கிட்டத்தட்டச் சமம். மெலிந்த உடம்புள்ள ஒருவரை ஒரே போத்தல் எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். பெண்களுக்கும், எடை குறைந்தவர்களுக்கும், வெறும் வயிற்றில் குடிப்பவர்களுக்கும் இந்த அளவு இன்னும் சீக்கிரம் ஏறும். கசிப்பைப் பற்றிக் கணக்கே போட முடியாது. அதில் எவ்வளவு மதுசாரம் இருக்கிறது, வேறு என்ன கலந்திருக்கிறது என்பது காய்ச்சியவருக்கும் தெரியாது.

இறங்கும் வேகத்தைத்தான் பலர் தவறாகக் கணக்கிடுகிறார்கள். ஈரல் மதுசாரத்தை அகற்றும் வேகம் பெரும்பாலும் மாறாதது. மணித்தியாலத்துக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் குறையும். தேநீர், தேசிக்காய்ச் சாறு, மோர், குளியல், வாந்தி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. குளித்தால் முழிப்பு வரும். இரத்தத்திலுள்ள மதுசாரம் அப்படியேதான் இருக்கும்.

இதன் விளைவை ஒரு கணக்கில் பாருங்கள். இரவு பத்து மணிவாக்கில் அரைப் போத்தலைக் குடித்துவிட்டுப் படுக்கும் 60 கிலோ எடையுள்ள ஒருவரின் இரத்தத்தில் அப்போது 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். எட்டு மணித்தியாலத்தில் 120 மில்லிகிராம் போல இறங்கும். காலை ஆறு மணிக்கு எழுந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் புறப்படும்போது அவர் இன்னும் 80க்கு மேலேயே இருக்க அதிக வாய்ப்புண்டு. அவருக்குத் தலையிடி மட்டும்தான் தெரியும். “நேற்றுத்தானே குடித்தேன்” என்று அவர் உண்மையாகவே நம்புவார். ஆனால் சட்டம் எப்போது குடித்தீர்கள் என்று பார்ப்பதில்லை. பரிசோதனை நேரத்தில் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்க்கிறது.

இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரு மட்டான மதிப்பீடுகள். உடம்புக்கு உடம்பு மாறும். “அப்படியானால் இரண்டு கிளாஸ் வரை பரவாயில்லை” என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். அதோடு, 80க்குக் கீழே இருந்தாலும் கண்ணும் கையும் மந்தமாகத்தான் இருக்கும். கெலிஓயா வழியாகப் போகும் வீதி, பேராதனையிலிருந்து கம்பளை, நுவரெலியா ஊடாகப் பதுளைப் பக்கம் செல்லும் ஏ5 பெருந்தெரு. நீண்டதூர பஸ்களும் மரக்கறி லொறிகளும் இரவு பகலாக ஓடும். நடந்துபோவோரும் பஸ்ஸுக்கு நிற்போரும் வீதியை ஒட்டியே நிற்பார்கள். அங்கே அரைச் செக்கன் தாமதமும் பெரிய தாமதம்தான்.

கஞ்சா, ஐஸ், ஹெரோயின் போன்றவற்றை எடுத்தவர்கள் இந்த 80 மில்லிகிராம் கணக்கை நினைக்கவே வேண்டாம். அது மதுசாரத்துக்கு மட்டுமானது. போதைப்பொருள் கையில் இருந்தால் அதற்கு வேறு சட்டத்தின் கீழ் வேறு வழக்கு வரும்.

பொலிஸார் மறித்தால்

வாகனத்தை ஓரமாக நிறுத்துங்கள். சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் ஆகியவற்றைக் காட்டுங்கள். மது அருந்தியிருப்பதாகச் சந்தேகித்தால் பொலிஸ் உத்தியோகத்தர் உங்களைச் சுவாசப் பரிசோதனைக்கு உட்படச் சொல்லலாம். “பலூன் ஊதச் சொன்னார்கள்” என்று ஊரில் சொல்வது இதைத்தான். தேவைப்பட்டால் அரசாங்க வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பரிசோதிப்பார்கள்.

ஊத மறுத்தால் தப்பிவிடலாம் என்று சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். கேட்காதீர்கள். பரிசோதனைக்கு இணங்க வேண்டியது சட்டப்படி உங்கள் கடமை. மறுப்பு உங்களுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்படும்.

உங்கள் பக்கத்திலும் உரிமைகள் உண்டு. வைத்தியரிடம் கொண்டுபோனால், எப்போது, என்ன சாப்பிட்டீர்கள், என்ன மருந்து எடுக்கிறீர்கள், நீரிழிவு போன்ற நோய் இருக்கிறதா என்பதை அவரிடம் சொல்லுங்கள். சில நோய்நிலைகளில் ஆள் தள்ளாடுவதும் பேச்சுக் குழறுவதும் குடித்தவரைப் போலவே இருக்கும். கைது செய்யப்பட்டால் காரணத்தைக் கேட்டறிய உங்களுக்கு உரிமை உண்டு. பொலிஸார் உங்களைப் பிணையில் விடலாம். விடாவிட்டால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன்னிலையில் ஆஜர்படுத்த வேண்டும். அடிப்பதற்கோ ஏசுவதற்கோ யாருக்கும் அதிகாரம் இல்லை. அப்படி நடந்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்யலாம்.

“ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டலாம்” என்று யாராவது காதுக்குள் சொன்னால் விலகியிருங்கள். இலஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுக்க முன்வருவதும் குற்றம். ஒரு வழக்கோடு போயிருக்க வேண்டியது இரண்டு வழக்காகும். உங்களிடம் யாராவது கேட்டால் இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

மொழி விடயத்தில் கவனம்

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாமல் இருப்பது இயல்பு. வயதானவர்களுக்கும் பேச்சு நினைவிருக்கும், எழுத்து மறந்திருக்கும். கண்டி மாவட்டத்தில் பொலிஸ் நிலையப் பதிவுகளும் நீதிமன்ற நடவடிக்கைகளும் பெரும்பாலும் சிங்களத்தில் நடப்பவை. இந்த இடத்தில்தான் திரும்பிவந்த குடும்பங்கள் அதிகம் தடுமாறக்கூடும்.

விளங்காத வாக்குமூலத்தில் கையொப்பமிடாதீர்கள். தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும்படி கேளுங்கள். மரியாதையாக, ஆனால் திரும்பத் திரும்பக் கேளுங்கள். நீதிமன்றத்தில் நடக்கும் மொழி தெரியாத ஒருவருக்கு அரசே மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில் உள்ள உரிமை. யாரோ செய்யும் உபகாரமாக அதை நினைக்க வேண்டாம். பெயர் கூப்பிட்டவுடன் “எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும்” என்று சொல்வதற்குக் கூச்சப்படாதீர்கள். “மட்ட தெமழ பரிவர்த்தகயெக் ஓனே” என்ற சிங்கள வசனத்தையாவது மனப்பாடம் செய்து வையுங்கள். எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை என்பது அதன் பொருள்.

தலையை ஆட்டிவிட்டு வந்து, எதற்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டோம் என்று வெளியே வந்தபின் கேட்பது பயனில்லை. குற்றச்சாட்டை முதலில் தமிழில் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒப்புக்கொள்வதா, மறுப்பதா என்று முடிவெடுங்கள். சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் கண்டியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். கிராம உத்தியோகத்தரிடம் வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

தண்டனைகள்

சிறிய போக்குவரத்துத் தவறுகளுக்குப் பொலிஸார் எழுதிக் கொடுக்கும் தாளை எடுத்துக்கொண்டு தபாலகத்தில் 14 நாட்களுக்குள் தண்டப்பணம் செலுத்துவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மதுபோதையில் செலுத்துவது அந்தப் பட்டியலில் இல்லை. அது நேரே நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும் வழக்கு.

யாருக்கும் காயமில்லாமல், போதையில் ஓட்டியது மட்டும் நிரூபிக்கப்பட்டால் தண்டப்பணம் 25,000 ரூபாவுக்குக் குறையாது. மூன்று மாதம் வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். இவற்றுக்கு மேலாக, சாரதி அனுமதிப்பத்திரத்தை 12 மாதம் வரை நீதிமன்றம் இரத்துச் செய்யலாம். ஒருவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால் தண்டனை பலமடங்கு கூடும். உயிர் போயிருந்தால் சிறை 10 ஆண்டுகள் வரை போகக்கூடும். சட்டத் திருத்தங்கள் அடிக்கடி வருவதால் தொகைகள் மேலும் கூடலாம், குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வழக்குத் தவணை நாளைக் குறித்து வையுங்கள். போகாமல் விட்டால் பிடியாணை பிறக்கும். கெலிஓயாவில் ஒரு கிழமை, வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு கிழமை என்று இன்னும் நிலையாக இருக்கை கொள்ளாத குடும்பங்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம். அழைப்பாணை பழைய விலாசத்துக்குப் போய், உங்களுக்குத் தெரியாமலே பிடியாணை நிலுவையில் இருக்கக்கூடும். விலாசம் மாறினால் பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றப் பதிவாளருக்கும் அறிவியுங்கள். தேசிய அடையாள அட்டை இன்னும் கைக்கு வராதவர்கள், விண்ணப்பித்ததற்கான பற்றுச்சீட்டையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் பிரதியெடுத்துக் கூடவே வைத்திருப்பது நல்லது.

பத்திரம் போனபின் வீட்டுக் கணக்கு

25,000 ரூபாவை எப்படியாவது புரட்டிவிடலாம். அடுத்துவரும் மாதங்கள்தான் குடும்பத்தை உலுக்கும்.

அனுமதிப்பத்திரம் இரத்தான காலத்திலும் லீசிங் தவணை நிற்காது. வண்டி ஓடாமல் முற்றத்தில் நிற்கும், தவணை மட்டும் ஓடும். இரண்டு மூன்று தவணை தவறினால் கம்பனி வண்டியைத் தூக்கிக்கொண்டு போகும். “பரவாயில்லை, உள்வீதியில் மட்டும் ஓட்டுகிறேன்” என்று பத்திரமில்லாமல் எடுத்தால் அது தனிக் குற்றம். அதற்கும் தண்டப்பணம் 25,000 ரூபாவுக்குக் குறையாது. பத்திரம் இல்லாத ஒருவரைக் கொண்டு உங்கள் வண்டியை ஓட்டுவித்தாலும் உரிமையாளரான உங்கள் மேல் வழக்கு வரும்.

காப்புறுதி இருக்கிறதே என்ற தைரியமும் உதவாது. முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும், சாரதி மதுபோதையில் இருந்தால் வாகனச் சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை ஒப்பந்தங்களில் வழமையாக இருக்கும். சிறிய எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கையொப்பமிடும் முன் அதைத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். வெளிநாட்டில் சாரதி வேலைக்குப் போக நினைப்பவர்கள், பொலிஸ் சான்றிதழ் கேட்கப்படும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இந்த விளக்கத்தை வாசிக்கும் வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. லீசிங் ஒப்பந்தத்தில் நீங்கள் பிணைக் கையொப்பமிட்டிருந்தால் தவணை பிந்தியதும் உங்களையும் கேட்பார்கள். ஆகவே வண்டித் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்கும் உரிய விடயம். “ஆம்பிளைகளின் விசயம்” என்று ஒதுங்க வேண்டியதில்லை.

முன்கூட்டியே செய்யக்கூடியவை

கலியாண வீடு, செத்த வீடு, தீபாவளி, கோயில் திருவிழா ஆகியவற்றில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. தினமும் குடிக்காதவரும் அன்றைக்கு ஒருவாய் எடுப்பார். குடிக்கப் போகிறோம் என்று தெரிந்தால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போவதே சுலபம். கெலிஓயாவிலிருந்து பேராதனைக்கும் கம்பளைக்கும் பஸ் உண்டு, ரயிலும் நிற்கும். இருட்டியபின் வேறொரு முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாவை 25,000 ரூபாவோடு வைத்துப் பாருங்கள்.

வண்டியோடுதான் போயாக வேண்டுமென்றால், முதல் கிளாஸுக்கு முன்பே திறப்பைக் குடிக்காத ஒருவரிடம் கொடுங்கள். குடித்தபின் கொடுப்பேன் என்பவர் கொடுக்கமாட்டார். அந்த நேரத்தில் எல்லோருக்கும் தான் தெளிவாக இருப்பதாகத்தான் தோன்றும். திறப்பை வாங்கியவர், அண்ணன் கேட்டாலும் மாமா கேட்டாலும் காலைவரை திருப்பிக் கொடுக்கக்கூடாது. அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இன்னொன்று, குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமல்லாமல் இரண்டு பேருக்கு அனுமதிப்பத்திரம் எடுத்து வைப்பது. மனைவியோ, தம்பியோ, வளர்ந்த மகளோ ஓட்டத் தெரிந்தவராக இருந்தால், ஒருவர் சுகமில்லாமல் படுத்தாலும் வண்டி ஓடும். திருவிழா இரவுக்கும் உதவும். தமிழ்நாட்டில் எடுத்த லைசென்ஸை நம்பி இங்கே தொழில் செய்ய வேண்டாம். இலங்கை அனுமதிப்பத்திரம் பெற, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

குடியை நிறுத்த நினைத்தும் முடியாமல் இருப்பவர்கள் பேராதனை போதனா வைத்தியசாலையிலோ கண்டி தேசிய வைத்தியசாலையிலோ உளநலப் பிரிவில் பேசலாம். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் கேட்கமாட்டார்கள். நீண்ட காலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். அதனால் வைத்தியரைக் கேட்டு நிறுத்துவதே பாதுகாப்பு.

விபத்து நேர்ந்துவிட்டால்

குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும், ஓடாதீர்கள். பயத்தில் ஓடுவதால் குற்றம் கூடும், காயப்பட்டவரின் உயிரும் போகலாம். வாகனத்தை நிறுத்தி, காயப்பட்டவருக்கு உதவி, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள். அந்தச் சேவை இலவசம். இடத்தைச் சொல்லும்போது கெலிஓயா ரயில் நிலையத்துக்கு எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன கடை அல்லது கோயில் என்று அடையாளம் சொல்லுங்கள். பொலிஸாருக்கு 119. அதன்பின் வீட்டாருக்கும் எமது களப் பணியாளருக்கும் அறிவியுங்கள். பொலிஸ் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ தனியாகப் போகப் பயமாக இருந்தால், மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிவரும்படி எமது பணியாளரிடம் கேட்கலாம்.